தாயும் பிள்ளையும் ஆனாலும்...

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வந்தார்கள். சொன்னார்களே ஒழிய, அந்தப் பழமொழியை நினைத்துக்கொண்டு எந்தப் பாட்டியும் தன் பிள்ளையிடம் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணத்துக்குச் சீட்டு இல்லை, சாட்சி இல்லை, தவணை இல்லை. "பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா?" என்று கொடுத்தவர் வெட்கப்படுகிறார். "அப்பா கேட்கவா போகிறார்?" என்று வாங்கியவர் நிம்மதியாக இருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் அன்பு நிறைய உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், வயதான காலத்தில் மருந்துச் செலவுக்குக்கூடத் தயங்கும் பெற்றோரும், நாற்பது வயதிலும் மாதம் இருபதாம் தேதி தாண்டினால் அப்பாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளும் இதே ஏற்பாட்டிலிருந்துதான் உண்டாகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இளந்தம்பதிகள் பலர் நம்மிடம் வந்து, "தனிக் குடித்தனம் போகலாம் என்று நினைக்கிறோம்; ஆனால் கடன் இருக்கிறதே!" என்று சொல்லுவதுண்டு. ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களிடம் ஊரார் பிள்ளையின் மார்க்கைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வீட்டுக் கவலைகளையும் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் நாம் சொல்லும் அபிப்பிராயம் இதுதான்: வேறு வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டதனால் மட்டும் சுதந்திரம் வந்துவிடாது. பெற்றோர் கொடுத்த பணத்தையும் மற்றக் கடன்களைப் போலவே ஒரு கடனாக எழுதிவைத்து, அதைத் தீர்ப்பதற்கு ஒரு நாளும் குறித்துக்கொண்ட பிறகே, தனிக் குடித்தனம் உண்மையில் தனியாகிறது. இதைச் செய்துகாட்டிய ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அவர்களுடைய அனுமதியுடன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறோம்.

ஒன்பது லட்சத்து எழுபதினாயிரம்

மதுரையில் வாழும் குடும்பம் அது. மகனுக்கு ஒரு தனியார் கம்பெனியில் மாதம் 42,000 ரூபாய் சம்பளம். மருமகள் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவருக்கு 18,000 ரூபாய். ஒரே பெண் குழந்தை. தகப்பனார் ஒரு மில்லில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பிராவிடண்டு பண்டும் கிராஜுவிடியுமாகக் கைக்கு வந்த தொகையே அவருடைய ஆஸ்தி. பென்ஷன் என்று வருவது மிகச் சொற்பம். இரண்டு அறைகள் கொண்ட அவருடைய சொந்த வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாக வசித்துவந்தார்கள்.

2020-ஆம் வருஷம் ஊரடங்கு வந்தபோது மகனுடைய சம்பளம் பாதியாயிற்று. ஆசிரியைக்குச் சில மாதங்கள் சம்பளமே இல்லை. அதே வருஷத்தில் குழந்தைக்குக் கடுமையான நோய் கண்டு ஆஸ்பத்திரிச் செலவும் வந்து சேர்ந்தது. முதலில் கிரெடிட் கார்டு வந்தது. பிறகு பாங்கியில் தனிநபர் கடன். அதன் பிறகு ஆசிரியையின் நகைகள் அடகுக்குப் போயின. அதுவும் போதாமல் தகப்பனார் தம்முடைய வைப்புத் தொகையிலிருந்து ஐந்து லட்சம் எடுத்துக் கொடுத்தார். "வைத்துக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் சொன்ன வார்த்தை ஒன்றே அந்தப் பணத்துக்குப் பத்திரம்.

2021 ஜனவரியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து கடன்களை ஒரு காகிதத்தில் எழுதினார்கள். கார்டில் 90,000. தனிநபர் கடனில் பாக்கி 2,40,000. நகைக் கடன் 1,40,000. அத்துடன் நிறுத்திவிடத்தான் மகன் விரும்பினார். "மாமா கொடுத்ததை எழுதவில்லையே?" என்று மனைவி கேட்டார். "அது கடனா?" என்றார் கணவர். "இல்லையென்றால் அது என்ன?" என்று கேட்டார் மனைவி. இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆகவே, நான்காவது வரியில் 5,00,000 என்று எழுதினார்கள். கூட்டினால் 9,70,000. வருஷ வருமானமோ 7,20,000 ரூபாய்.

பற்று வரவு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, அதைக் கூடத்திலேயே வைத்தார்கள். மாதம் இரண்டாம் தேதி வீட்டுச் செலவுக்கென்று 15,000 ரூபாய் தாயாரிடம் கொடுப்பதென்று தீர்மானம். அதுவரையில் ஒரு மாதம் ஐயாயிரம், மறு மாதம் அரிசி மூட்டை, மூன்றாவது மாதம் ஒன்றுமில்லை என்று இருந்துவந்தது. பிள்ளையின் பள்ளிச் செலவு, பஸ் செலவு, மருந்து, துணிமணி, டெலிபோன் எல்லாவற்றுக்கும் இன்னொரு 15,000. மீதியுள்ள 30,000 ரூபாயும் கடனுக்கு.

நோட்டைப் பார்த்த தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெற்றவளுக்கும் பற்று வரவு உண்டா? இது வீடா, மளிகைக் கடையா?" என்று கேட்டார். இரண்டு நாள் மருமகளுடன் பேச்சு இல்லை. தகப்பனார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆதியோடு அந்தமாகப் பார்த்தார். ஓரிடத்தில் கூட்டல் பிசகியிருந்தது. அதைத் திருத்திவிட்டு, "தேதி போட மறக்காதே" என்று மகனிடம் சொன்னார். முப்பது வருஷம் மில் கணக்கைப் பார்த்த மனிதருக்கு அந்த நோட்டு அவமரியாதையாகத் தோன்றவில்லை, மரியாதையாகவே தோன்றியது.

கணக்கு எழுதுவது அன்புக்கு விரோதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறோம். மகாத்மா காந்தி 1888-ல் சட்டம் படிக்க லண்டனுக்குச் சென்றபோது, அவருக்குப் பணம் அனுப்பியவர் அவருடைய தமையனார். அந்தப் பணத்தில் வாழ்ந்த வாலிபர் பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை விலை என்று காசு காசாகக் கணக்கு எழுதினார். பிறகு ஒரு குடும்பத்தாருடன் கட்டணம் கொடுத்துத் தங்குவதை விட்டுத் தனி அறை எடுத்துக்கொண்டார். நடந்தே போகக்கூடிய இடமாகப் பார்த்து வண்டிச் செலவை மிச்சம் பிடித்தார். காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். தேசத்தின் பொதுப் பணம் பின்னாளில் அவர் கையில் சேர்ந்தபோது கடன் நிற்காததற்கு அந்தச் சிறு வயதுப் பழக்கமே காரணம் என்று அவரே தம் சுயசரிதையில் கூறியிருக்கிறார். தமையன் பணத்துக்குக் கணக்கு எழுதலாமென்றால், தகப்பன் பணத்துக்கு எழுதுவதில் என்ன குறை?

எந்தக் கடன் முதலில்?

பள்ளிக்கூடத்தில் தனி வட்டி, கூட்டு வட்டி இரண்டையும் கற்பிக்கிறோம். பரீட்சை முடிந்தவுடன் பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். பிறகு கார்டுக் கம்பெனி அதே பாடத்தை அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு மறுபடியும் கற்பிக்கிறது.

இந்தக் குடும்பத்தின் கார்டுக்கு நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி. கிராமத்தில் ஒருவர் "மூன்றரை வட்டி" கேட்டால் நாம் அவரைக் கந்து வட்டிக்காரர் என்று தூற்றுவோம். அப்படிப்பட்ட அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே செய்தார்கள். ஆனால் அதே வட்டி பளபளக்கும் அட்டை ரூபத்தில் வரும்போது அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்! மாதம் கட்டவேண்டிய "குறைந்தபட்சத் தொகை" பாக்கியில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்றால், அதில் மூன்றரை ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்தான். புதிதாக ஒன்றுமே வாங்காமல் இப்படிக் கட்டிக்கொண்டு போனாலும் கடன் பாதியாவதற்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆகையால் முதலில் கார்டைத்தான் பிடித்தார்கள். தனிநபர் கடனுக்கு மாதத் தவணை 9,650 ரூபாய். அதைத் தவறாமல் கட்டிவிட்டு, மீதியில் மாதம் 20,000 வீதம் கார்டுக்குக் கட்டினார்கள். ஐந்து மாதத்தில் அது தீர்ந்தது. 90,000 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்த மொத்தம் 99,642 ரூபாய். தீர்ந்த அன்று கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டியதுடன் நில்லாமல், எழுதிக் கொடுத்துக் கணக்கையும் மூடினார்கள். அட்டையை வெட்டினால் மட்டும் கணக்கு மூடிவிடாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது எது? தனிநபர் கடனுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 15 வட்டி. நகைக் கடனுக்கு 12. வட்டியை மட்டும் பார்த்தால் தனிநபர் கடனைத்தான் முன்னால் முடிக்கவேண்டும். ஆனால் அதைக் கெடுவுக்கு முன் அடைத்தால் அபராதம் உண்டென்று பத்திரத்தில் கண்டிருந்தது. நகைக் கடனிலோ எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் ஒரு வருஷக் கெடு. கெடு தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். அவை ஆசிரியையின் தாயார் போட்ட நகைகள். அந்த ஜனவரியில்தான் வட்டியைக் கட்டிக் கெடுவைப் புதுப்பித்திருந்தார்கள். ஆகவே இரண்டாவதாக நகையை மீட்பதென்று முடிவு செய்தார்கள். எட்டு மாதத்தில், 2022 ஜனவரியில், கெடுவுக்குள்ளேயே நகை வீடு வந்து சேர்ந்தது. பொங்கலன்று மருமகள் அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு மாமியாரை நமஸ்கரித்தபோது, நோட்டின் மேலிருந்த மனஸ்தாபமும் பெரும்பாலும் தீர்ந்ததாகக் கேள்வி.

வைகாசியில் பால் காய்ச்சினார்கள்

பிறகு மூன்று மாதம் அந்த இருபதினாயிரத்தைச் சேர்த்தார்கள். 60,000 ரூபாய் சேர்ந்தது. அதே பேட்டையில், தகப்பனார் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு ஒரு சிறு வீடு பார்த்தார்கள். 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வசிக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஆனால் "வேறு ஒப்பந்தம்" என்பதற்குள் வீட்டுக்காரர்கள் பலர் நுழைந்துகொள்கிறார்கள். இவர்கள் ஐந்து மாத வாடகையில் பேசி முடித்து, ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். மீதியில் ஒரு காஸ் அடுப்பும், கொஞ்சம் பாத்திரமும் வந்தன. கட்டிலும் மிக்ஸியும் தவணையில் வாங்கலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினார், வாங்கவில்லை. அந்த வருஷம் முழுவதும் பாயில்தான் படுத்தார்கள்.

2022 வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியவர் தாயார்தான்.

இங்கே புத்திசாலியான நேயர் ஒருவர் குறுக்கிட்டு, "மாதம் 9,000 வாடகை வீண்தானே? அப்பா வீட்டிலேயே இருந்தால் அந்தப் பணத்தில் கடன் இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்குமே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகையாகப் போனதை எல்லாம் கூட்டினால் தகப்பனாருக்குத் தரவேண்டியதில் பெரும் பகுதி அடைந்திருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் கணக்கில் எழுதப்படாத சில செலவுகளும் அந்த வீட்டில் இருந்தன. தாயாருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம்; ஐந்து பேருக்கு அவர்தான் சமைத்துக்கொண்டிருந்தார். குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதிலிருந்து எந்த எண்ணெய் வாங்குவது என்பதுவரை, முடிவு செய்தவர் ஒருவர், பணம் கொடுத்தவர் மற்றொருவர். இருவரும் உத்தமர்களாக இருந்தாலும் இந்த இரட்டை ஆட்சி வெகு நாள் நடக்காது.

நமது கருத்து இதுதான்: வட்டி அதிகமுள்ள கடன்கள் தீருமுன் தனி வீட்டுக்குப் போவது அவசரம், எல்லாக் கடனும் தீர்ந்த பிறகுதான் போவோம் என்பது ஒத்திப்போடும் தந்திரம். கார்டும் அடகும் முடிந்த இடம் புறப்படுவதற்குத் தக்க இடம்.

வட்டியில்லாக் கடனின் வட்டி

தனி வீட்டுக்கு வந்த பிறகு வாடகை 9,000, சாப்பாடும் காஸும் மின்சாரமும் 14,000, மற்றச் செலவுகள் 15,000, தனிநபர் கடனுக்கு 9,650. போக மீதி 12,350 ரூபாய். அதில் மாதம் 8,000 தகப்பனாருக்கு. மிச்சம் ஆபத்துச் செலவுக்கென்று தபாலாபீஸ் சேமிப்பில்.

முதல் எட்டாயிரத்தைத் தகப்பனார் வாங்க மறுத்தார். "எனக்கு எதற்கடா? வட்டி இல்லாத பணம்தானே? மெதுவாகக் கொடு" என்றார். வட்டி இல்லாத பணம் என்று ஒன்று இருக்கிறதா? ஐந்து லட்சம் பாங்கியில் நூற்றுக்கு ஏழு வட்டிக்கு இருந்திருந்தால் வருஷம் 35,000 ரூபாய், மாதம் ஏறக்குறைய 2,900 ரூபாய் வந்திருக்கும். அந்த இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் அந்த வயோதிகத் தம்பதியின் மருந்துக் கடை பில். பிள்ளை கட்டாத வட்டியைப் பெற்றோர் தங்கள் உடம்பினால் கட்டுகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த முப்பது மாத்திரையில் பதினைந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வரும் பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா? அவர்களுடைய பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தெரிவதேயில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

மகன் விடவில்லை. பணத்தைக் கையில் கொடுத்தால்தானே மறுப்பார் என்று, தகப்பனாரின் பாங்கிக் கணக்கில் நேரே சேர்த்துவிட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். 2023 ஜூனில் தனிநபர் கடன் தீர்ந்தது. அன்றிலிருந்து அந்தத் தவணைப் பணமும் சேர்ந்து தகப்பனாருக்கு மாதம் 16,000 ஆயிற்று. இடையில் சம்பளம் சிறிது உயர்ந்தது உண்மைதான். ஆனால் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அந்த உயர்வை விழுங்கிவிட்டன, திட்டம் மாறவில்லை.

2024-ன் தொடக்கத்தில் தாயாருக்கு ஒரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வெகு காலமாக "இப்போது என்ன அவசரம்?" என்று ஒத்திப்போட்டு வந்த சிகிச்சை. அதற்குள் தகப்பனார் கணக்கில் திரும்பி வந்து சேர்ந்திருந்த தொகை 2,24,000 ரூபாய். யாரிடமும் கேட்காமல், எதையும் அடகு வைக்காமல், அவரே ஆஸ்பத்திரியில் பணம் கட்டினார். மருமகள் பத்து நாள் லீவு போட்டுக் கூட இருந்தார். அந்த நோட்டு இல்லாதிருந்தால் அந்தக் கால் இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்குமோ!

2025 ஜூலையில் கடைசித் தவணை கொடுத்தார்கள். அது வெறும் 4,000 ரூபாய். ஆரம்பித்து ஐம்பத்தைந்து மாதங்கள் ஆகியிருந்தன.

சட்டம் சென்ற வழி

தகப்பன் கடனும் பிள்ளையின் சம்பாத்தியமும் நம் நாட்டு நீதிமன்றங்களை வெகு காலம் அலைக்கழித்த விஷயங்கள். பழைய ஹிந்து தர்ம சாஸ்திரத்தின்படி, தகப்பன் பட்ட கடனைத் தீர்ப்பது மகனுக்குப் புண்ணிய கடமை. சூதுக்கும் குடிக்கும் பட்டவை போன்ற கடன்களுக்கு விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இந்தக் கடமையைச் சட்டமாகவே நடத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கையும் கடன்காரர் பிடிக்க இடம் கொடுத்தன.

மறு பக்கமும் உண்டு. குடும்பப் பணத்தில் தனிப் படிப்புப் படித்துச் சம்பாதித்தால், அந்தச் சம்பாத்தியம் யாருடையது? ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் இருந்த ஒருவரின் வருமானம்கூடக் கூட்டுக் குடும்பச் சொத்தே என்று 1921-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் செய்தது. படித்த வகுப்பார் திடுக்கிட்டுப் போனார்கள். அதன் பிறகு எம். ஆர். ஜெயகர் முயற்சியால் 1930-ல் ஹிந்து வித்யார்ஜிதச் சட்டம் ஏற்பட்டது. படிப்புக்கு யார் பணம் கொடுத்திருந்தாலும், அந்தப் படிப்பினால் வந்த சம்பாத்தியம் சம்பாதித்தவருக்கே சொந்தம் என்று அது தெளிவாக்கியது. எழுபத்தைந்து வருஷம் கழித்து, 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்த ஹிந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், புண்ணிய கடமை என்ற ஒரே காரணத்துக்காகத் தகப்பனின் புதிய கடன்களுக்கு மகன் மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்றும் செய்துவிட்டது. பெண்களுக்கும் ஆண்களைப் போலவே கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்ததும் இதே சட்டம்தான். தமிழ்நாட்டில் அந்த உரிமை 1989-லேயே வந்துவிட்டது.

இப்படி இரு தலைமுறைகளின் பணப் பைகளையும் சட்டம் மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் அது பிரிக்கவில்லை. 2007-ல் ஏற்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோரைக் காப்பது மகனுக்கும் மகளுக்கும் சமமான கடமை. தகப்பனின் கடன் உன்னுடையதல்ல, தகப்பன் உன்னுடையவர்தான் என்கிறது சட்டம். நல்ல குடும்பங்கள் சட்டத்துக்கு முன்பே அறிந்திருந்த நியாயம்தான் இது.

வீட்டுக் கடன் என்னும் மோகம்

"வாடகைக்குக் கொடுப்பதைத் தவணையாகக் கட்டினால் வீடே சொந்தமாகிவிடுமே!" என்று இந்தக் குடும்பத்துக்கும் பலர் யோசனை சொன்னார்கள். தகப்பனாரிடம் இன்னும் கொஞ்சம் வாங்கி முன்பணம் கட்டலாம் என்பது அந்த யோசனையின் இரண்டாம் பாகம். இதற்கும் ஒரு கணக்குப் போடுவோம்.

20 லட்சம் ரூபாய், நூற்றுக்கு எட்டரை வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் குறைவது 3,190 ரூபாய் அளவே. பத்து வருஷம் விடாமல் கட்டி, இருபது லட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேல் கொடுத்த பிறகும், சுமார் 14 லட்சம் பாக்கி நிற்கும். கடைசி வரையில் கட்டினால் மொத்தம் 41 லட்சத்து 65 ஆயிரம்.

இதனால் வீடு வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்கிறோம். மற்றக் கடன்களை முடித்தபின் வாங்கலாம். வாங்கியபின் தவணைக்கு மேல் சிறிது சேர்த்தும் கட்டலாம். மேற்சொன்ன கடனில் மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், ஏறக்குறைய நாலரை வருஷம் முன்பாகவே கடன் முடிந்து, ஐந்தரை லட்ச ரூபாய் வட்டி மிச்சமாகும். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் பாங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கி 2012-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அப்பாவின் கையிலிருந்து விடுபட்டுப் பாங்கியின் கைக்குள் இருபது வருஷத்துக்குப் போய் உட்காருவது விடுதலையாகாது.

பெரியவர்களுக்கு இரண்டு வார்த்தை

பிள்ளைகளுக்கே உபதேசம் செய்துகொண்டிருப்பது நியாயமல்ல. பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. ஓய்வு பெறும்போது வரும் மொத்தத் தொகையைப் பிள்ளையின் கல்யாணத்துக்கோ, வீட்டுக்கோ, வியாபாரத்துக்கோ ஒரேயடியாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அறுபது வயது கடந்தவர்களுக்கென்று சர்க்கார் 2004-ல் ஏற்படுத்திய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தபாலாபீஸிலும் பாங்கியிலும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். முதலில் உங்கள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டியதை அப்படி ஒதுக்கிவிடுங்கள். பிறகு மிஞ்சுவதைக் கொடுங்கள். கொடுக்கும்போது அது கடனா, கொடையா என்பதைச் சொல்லிக் கொடுங்கள். கடன் என்றால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடை என்றால் பிறகு சொல்லிக் காட்டாதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். நாளைக்குச் சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் வராது.

பிள்ளை மாதா மாதம் திருப்பிக் கொடுக்க வரும்போது, "எங்களுக்கு எதற்கு?" என்று தள்ளாதீர்கள். அவன் திருப்பித் தருவது ரூபாயை மட்டுமல்ல; தன் காலில் நிற்க முடியும் என்ற தைரியத்தை அவன் அப்போதுதான் சம்பாதித்துக்கொள்கிறான். அதை வாங்கிக்கொள்வதே நீங்கள் அவனுக்குச் செய்யும் பேருதவி.

எல்லாக் குடும்பமும் தனி வீடு போகவேண்டும் என்பதில்லை. பெற்றோர் தள்ளாதவர்களாக இருந்தாலும், இரண்டு வாடகை தாங்காதென்றாலும், ஒரே கூரையின் கீழேயே இருக்கலாம். கூரை ஒன்றாக இருக்கட்டும். கணக்கு இரண்டாக இருக்கட்டும். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். வளையைவிட முக்கியம், அதில் இருக்கும் நெல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான்.

மதுரைக் குடும்பத்தின் நோட்டில் இன்னும் ஐந்தாறு பக்கம் பாக்கி இருக்கிறது. அதில் இப்போது பேத்தி தன் உண்டியல் கணக்கை எழுதுகிறாள். கூட்டலைச் சரிபார்ப்பவர், வேறு யார், தாத்தாதான்.